சின்னத் துப்பாக்கி வாங்கலாமா?

மாதத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார். கோயில் கேன்டீனில் தோசைக்கு வரிசையில் நிற்கும்போது, இல்லையென்றால் ஏரிக்கரை நடையில், குரலைத் தாழ்த்திக்கொண்டு: "சார், நீங்க ஒண்ணு வெச்சிருக்கீங்களாமே. சட்டைக்குள்ள மறைச்சு வெச்சுக்கற மாதிரி சின்னதா எது வாங்கலாம்?"

தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. ஒரே தடவையாக இங்கே எழுதிவிடுகிறேன். அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள் சின்னத் துப்பாக்கி வாங்காதீர்கள். வாங்கியே தீருவேன் என்றால் பெரியதாக வாங்குங்கள். ஏற்கெனவே சின்னதை வாங்கி, சுடாமல் புடவை அடுக்குக்குள் வைத்திருக்கிறவர்கள் அதை ஒன்று சுட்டுப் பழகுங்கள், இல்லை விற்றுவிடுங்கள்.

நான் வாங்கியது 2021 இலையுதிர் காலத்தில். அந்த வருடம் செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாடலாம் என்று சட்டம் வந்தது. அதற்கு முன்பே நம்மவர் வீடுகளில் தங்கம் இருக்கும் என்று குறிவைத்து இறங்கிய கும்பல்களைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருந்தோம். ஹூஸ்டனின் மேற்குப் புறநகரில் எங்கள் தெருவிலும் இரண்டு வீட்டில் கதவை உடைத்தார்கள். நானும் என் திருச்சி நண்பரும் சேர்ந்தே கடைக்குப் போனோம். எனக்கு 68, அவருக்கு 71.

ஊரில் என் தாய்மாமாவிடம் ஒரு ரெட்டைக் குழல் துப்பாக்கி இருந்தது. உடுமலைப் பக்கம் தோட்டத்தில் காட்டுப்பன்றி விரட்ட. அதற்கு லைசென்ஸ் வாங்கக் கலெக்டர் ஆபீசுக்கு எத்தனை நடை நடந்தார் என்பது வீட்டில் ஒரு தனிப் புராணம். ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைத் துணியில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வருவார். இங்கே நான் 4473 என்ற படிவத்தை நிரப்பினேன். கடைக்காரர் பின்னணி விசாரணைக்குத் தகவல் அனுப்பினார். அரை மணி நேரத்தில் 550 டாலருக்கு ஒரு பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டார். 9 எம்.எம்., குழல் மூன்று அங்குலத்துக்குச் சற்றே கூட, எடை அரைக் கிலோ, பத்துத் தோட்டா மேகசின் இரண்டு. உள்ளங்கையில் அடங்கிவிட்டது. அந்த அடக்கத்தில்தான் இருவரும் மயங்கினோம்.

பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். புது ஸ்கூட்டர், புது அம்பாசடர் வாங்கினால் பின்னால் "ரன்னிங் இன்" என்று எழுதி ஒட்டிக்கொண்டு, வேகம் கூட்டாமல் சில நூறு மைல் ஓட்டுவோம். புதுத் துப்பாக்கிக்கும் அப்படி ஒன்று உண்டு. முதலில் கழற்றி, தொழிற்சாலையில் பூசி அனுப்பிய எண்ணெயைத் துடைத்து, புதிதாக நாலைந்து சொட்டு விட வேண்டும். பிறகு குறைந்தது இருநூறு சாதாரணத் தோட்டா. அதன்பின், வீட்டில் போட்டு வைக்கப்போகிற ஹாலோ பாயின்ட் ரகத்தில் ஐம்பதாவது சுட வேண்டும். அந்தத் தோட்டாவின் மூக்கு குழிந்திருக்கும். உருண்டை மூக்குத் தோட்டா வழுக்கிக்கொண்டு ஏறுகிற துப்பாக்கியில் இது சிக்கலாம். விலை ஒன்று ஏறக்குறைய ஒரு டாலர் என்பதால் நம்மவர்கள் இதில்தான் கையை இறுக்குவார்கள். என் நண்பர் பத்தோடு நிறுத்திக்கொண்டார்.

நான் வால்வு தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் தரப் பரிசோதகனாக இருந்தவன். நோட்டுப் புத்தகம் இல்லாமல் எதையும் சோதிக்க வராது. மேகசின்களுக்கு மார்க்கரால் 1, 2 என்று எண் போட்டேன். எத்தனையாவது தோட்டா, எந்த மேகசின், என்ன கோளாறு என்று மூன்று பத்தி. முதல் நாள் நூறு தோட்டாவில் ஆறு தடவை நின்றுவிட்டது. ஐந்து தடவை காலி உறை வெளியே விழாமல் ஸ்லைடில் மாட்டிக்கொண்டு புகைபோக்கி மாதிரி நின்றது. ஒரு தடவை தோட்டா முழுதாக ஏறவில்லை. போதாததற்கு, கடைசித் தோட்டா போனதும் ஸ்லைடு பின்னால் திறந்தபடி நிற்க வேண்டும். இரண்டு மேகசினிலும் நிற்கவில்லை. இப்படி ஒரு சரக்கு என் மேஜைக்கு வந்திருந்தால் சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பியிருப்பேன்.

ரேஞ்சில் சொல்லிக்கொடுக்கும் அம்மாள் என் நோட்டைப் பார்த்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, என் வயதுதான் இருக்கும். ஒன்றும் பேசாமல் என் துப்பாக்கியை வாங்கி, அதே மேகசின், அதே பெட்டித் தோட்டா, முப்பது சுட்டார். ஒன்றுகூட நிற்கவில்லை. கடைசியில் ஸ்லைடும் ஒழுங்காகத் திறந்து நின்றது.

அப்புறம்தான் விளக்கினார். சுட்டதும் ஸ்லைடு பின்னால் ஓடி, காலி உறையைத் தள்ளிவிட்டு, அடுத்ததை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். அது முழுதாக ஓட, பிடித்திருக்கும் கை அசையாமல் இருக்க வேண்டும். மணிக்கட்டு தளர்ந்தால் துப்பாக்கி மொத்தமும் சேர்ந்து பின்னால் போகிறது, ஸ்லைடு அரை ஓட்டத்தில் திரும்பிவிடுகிறது. பெரிய துப்பாக்கி இந்தத் தளர்ச்சியை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். சின்னதில் ஸ்லைடு இலேசு, ஸ்பிரிங் முரடு, ஓடுகிற தூரமும் குறைவு. மன்னிக்க இடமே இல்லை. ஸ்லைடு திறந்து நிற்காததற்குக் காரணம் இன்னும் கேவலம். அந்த லீவர் மேல் என் கட்டைவிரல் உட்கார்ந்துகொண்டிருந்தது. அன்று நோட்டில் "கோளாறு" என்ற பத்தியை அடித்துவிட்டு "கை" என்று எழுதினேன்.

மூன்று மாதம், நான்கு தடவை, மொத்தம் நானூறு தோட்டா. கடைசி இருநூறில் ஒன்றும் நிற்கவில்லை. ஸ்பிரிங்கும் கொஞ்சம் இளகியிருக்கும்; பெரும்பாலும் இளகியது நான்தான். ஆனாலும் ஐம்பது சுட்டதும் கட்டைவிரல் அடி எரியும். மறுநாள் காபி டம்ளரைப் பிடிக்க முடியாது. வாத மூட்டு. ஏழு கஜத்தில் என் குறி சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பரவிக் கிடக்கும். ஒரு நாள் அந்த அம்மாள் தன்னுடைய பெரிய துப்பாக்கியைக் கொடுத்தார். கனமானது, குழல் நாலரை அங்குலம். முதல் பத்தும் ஒரு டவரா அகலத்துக்குள். ஸ்லைடை இழுக்கவும் அவ்வளவு பாடு இல்லை. கை வலு குறைந்தவர்களை மனதில் வைத்தே ஸ்லைடை இலகுவாக்கிச் செய்த ரகங்களும் உண்டு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2018-ல் கொண்டுவந்த.380 'ஷீல்டு ஈஸி' அப்படி ஒன்று. கடையில் இதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை, சின்னது வேண்டும் என்றுதானே போனோம்.

சரி, எதற்குச் சின்னது? மறைத்து எடுத்துப் போக. எங்கே எடுத்துப் போக? என் வாரத்தை எழுதிப் பார்த்தேன். பேரனைப் பள்ளியில் விட்டு அழைத்து வருவது: பள்ளிக்குள் கூடாது. பேர்லாண்ட் மீனாட்சி கோயில்: இடுப்பில் இதை வைத்துக்கொண்டு அம்பாளுக்கு முன்னால் நிற்க எனக்கு மனசு வராது. ஓட்டுச்சாவடி, கோர்ட்டு கூடாது. வேட்டி கட்டுகிற நாளில் எங்கே செருகுவது என்ற கேள்வி வேறு. பேரன் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடி வருகிற வயது. மிச்சம் இருப்பது மளிகைக் கடையும் நடையும்தான். போகிற இடத்திலெல்லாம் காரிலேயே வைத்துவிட்டு இறங்க வேண்டியதாகும். கார் கண்ணாடியை உடைத்துத் துப்பாக்கி திருடுவது இந்த ஊரில் ஒரு தொழில். திருடனுக்குப் பயந்து வாங்கி, திருடனுக்கே ஆயுதம் சப்ளை செய்வதாக ஆகிவிடும்.

ஆக, மறைத்து வைக்க வாங்கிய துப்பாக்கி படுக்கையறையில் எண் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டியில்தான் இருக்கிறது. பெட்டிக்குள் இருக்கிற துப்பாக்கி சின்னதாக இருந்து யாருக்கு என்ன லாபம்?

என் மனைவி முதல் நாளே சொன்னாள். "ஏங்க, நகையைக் கொண்டுபோய் பேங்க் லாக்கர்ல வெச்சா முடிஞ்சு போச்சு. அதை விட்டுட்டு இது என்ன வேலை?" லாக்கரில் வைத்தாகிவிட்டது. வாங்கி ஒரு வருடம் கழித்து. இதை அவளிடம் நான் இன்னும் வாய்விட்டு ஒப்புக்கொள்ளவில்லை. இந்தப் பக்கத்தை அவள் படிப்பதில்லை என்று நம்புகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோயில் கேன்டீனில் கேட்கிறவர்களிடம் இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்களையே சுட்டுக்கொண்டவர்கள். நம் வயதுக்காரர்கள் வாங்கும்போது கதவை உடைத்து உள்ளே வருகிறவனைத்தான் நினைத்துக்கொள்கிறோம். வீட்டுக்குள் ஏற்கெனவே இருக்கிற ஆளை நினைப்பதில்லை.

2023-ல் என் நண்பரின் மனைவி காலமானார். பிள்ளைகள் இருவரும் கலிபோர்னியாவில். பதினைந்து நாள் இருந்துவிட்டுப் போனார்கள். அதற்கு அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் நண்பர் வந்து மணி அடித்தார். கையில் கடையில் கொடுத்த அதே பிளாஸ்டிக் பெட்டி.

"சார், கொஞ்ச நாள் இது உங்க வீட்டுல இருக்கட்டும்" என்றார்.

நான் ஏன் என்று கேட்கவில்லை. வாங்கிக்கொண்டுபோய் என்னுடையதோடு வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன். மனைவி ஒன்றும் விசாரிக்காமல் இன்னொரு இலை போட்டாள். அரிசி உப்புமாவும் கொத்சும். ஒன்பதரை வரை இருந்தார், ஸ்ரீரங்கத்தில் அவர் படித்த நாட்களைப் பற்றிப் பேசிக்கொண்டே. அன்றிலிருந்து வியாழக்கிழமை தோறும் எங்கள் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு.

பெட்டியில் இப்போதும் இரண்டு துப்பாக்கி இருக்கிறது. அவருடையது பத்து ஹாலோ பாயின்ட்டோடு நின்றுபோனது. நோட்டில் அந்தப் பக்கம் பாதியில் நிற்கிறது. அவர் திரும்பக் கேட்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.