குரோம் பெயிண்ட்டைத் திட்டுறவங்க கவனத்துக்கு

"குரோம்னு பேர் போட்டு விக்கிறான், அடிச்சா பழைய அலுமினியச் சட்டி மாதிரி இருக்கு!" ஸ்கேல் மாடல் செய்யுற நம்ம மக்களோட இந்தப் புலம்பலைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. சாமிகளா, தப்பு பெயிண்ட்ல இல்ல, நம்ம அவசரத்துல.

அல்கிளாட் குரோமையே எடுத்துக்கங்க. அடியில பளபளன்னு கறுப்பு இருந்தாத்தான் அது கண்ணாடி. அந்தக் கறுப்புல ஒரு தூசி இருந்தாலும் ஊருக்கே தம்பட்டம் அடிக்கும். கறுப்பை நல்லா காயவிட்டு, ஏர்பிரஷ்ல 12-15 பிஎஸ்ஐ அழுத்தத்துல பனி மாதிரி தூவணும். 'இன்னும் கொஞ்சம்'னு அடிச்சுக்கிட்டே போனா சாம்பல்தான் மிஞ்சும்.

அடுத்த பாவம், மேல கிளியர் கோட். கேட்டா பாதுகாப்பாம்! 1957 செவர்லே பெல் ஏர் பம்பர்ல அதை அடிச்சு, குரோமை வெறும் சில்வராக்கின மகான் அடியேன்தான். விரல் படாம பம்பரைக் கடைசியா ஒட்டுங்க, அதுதான் பாதுகாப்பு.

அப்புறம் பாட்டில். மே மாச வெயில், மேற்கு ஜன்னல், அரைகுறையா மூடின மூடி. கரைப்பான் பறந்து பெயிண்ட் கெட்டியானதும் 'டூப்ளிகேட் சரக்கு'ன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போனேன் (இன்னிக்கும் அந்தத் தெருப் பக்கம் போறதில்ல). வாயைத் துடைச்சு, இறுக்கி மூடி, நிழல்ல நிமிர்த்தி வைங்க. உலோகத்துகள் அடியில படிஞ்சுடும், அடிக்கிறதுக்கு முன்னாடி நல்லா குலுக்குங்க.

இவ்வளவும் செஞ்சுட்டுத் திட்டணும்னா விலையைத் திட்டுங்க. நானும் கூட வர்றேன்.