மறைப்பது மானமா?

“கட்டிலிலிருந்து விழுந்துவிட்டான்.” பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையானாலும் சரி, மேலப்பாளையத்துத் தெருமுனை மருத்துவர் அறையானாலும் சரி, காயத்தோடு வரும் குழந்தைக்காகப் பெரியவர்கள் சொல்லும் விடை பெரும்பாலும் இதுவே. பல வேளைகளில் அது உண்மை. சில வேளைகளில் பொய். அந்தச் சில வேளைகளைப் பற்றியே எழுதுகிறேன்.

ஏறத்தாழ இருபதாண்டுகளுக்கு முன் தாமிரபரணிக் கரையூர் ஒன்றில் நான் ஓதிக் கொடுத்துவந்தேன். ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் கையில் தீக்காயங்களுடன் வந்தான். அடுப்பில் சுட்டுக்கொண்டான் என்றார் அழைத்து வந்த உறவினர். காயங்கள் அனைத்தும் வட்டமாக, ஓரளவாக, பீடி முனையின் பருமனில் இருந்தன. எனக்கு விளங்கிற்று, ஆயினும் வாய் திறக்கவில்லை. ஒரு குடும்பத்தின் குறையை மறைப்பது நன்மை என்று எனக்கு நானே ஃபத்வா கொடுத்துக்கொண்டேன். அவனுக்கு மருத்துவம் பார்த்தவரும் களிம்பு எழுதித் தந்ததோடு நிறுத்திக்கொண்டார். ஆலிம் ஒருவன், மருத்துவர் ஒருவர். கண்ணிருந்தும் இருவரும் குருடரானோம். அந்த ஃபத்வா பிழையானது என்பதை நிறுவவே இக்கட்டுரை.

குழந்தையின் உடல் பொய் சொல்லாது. 1946இல் அமெரிக்க மருத்துவர் ஜான் கேஃபி, மண்டைக்குள் இரத்தம் கட்டியிருந்த ஆறு குழந்தைகளின் எக்ஸ்ரே படங்களில் கை கால் எலும்பு முறிவுகளையும் கண்டு எழுதினார். அந்த முறிவுகளுக்குப் பெற்றோர் சொன்ன வரலாற்றில் காரணம் ஏதுமில்லை. 1962இல் ஹென்றி கெம்பியும் அவர்தம் தோழர்களும், அடிக்கப்பட்ட குழந்தையின் நோய்க்குறிகள் என்று அதற்குப் பெயரே சூட்டினர். இன்று குழந்தை மருத்துவம் பயின்ற எவரும் அறிந்த அடையாளங்கள் உண்டு. தவழவும் அறியாத பச்சிளங் குழந்தையின் உடலில் கன்றல். காதிலும் கழுத்திலும் வயிற்றிலும் கன்றல். காலுறை அணிந்தாற்போல் எல்லை தெளிவாக வெந்த பாதம். ஆறியதும் ஆறாததுமாகப் பல நாட்காயங்கள். ஆளுக்கொரு விதமாக மாறும் கதை. காரணமின்றித் தாமதித்துக் கொண்டுவருதல். அடிக்காமலே வதைப்பதும் உண்டு: எடை குன்றியும், நோய் முற்றியும், கவனிப்பாரின்றி விடப்படும் குழந்தை அதற்குச் சாட்சி.

அவசரமும் கூடாது. நம் நாட்டுக் குழந்தைகள் பலருக்கு முதுகிலும் பிட்டத்திலும் பிறவியிலேயே நீலத் திட்டுகள் இருக்கும். அவை அடிபட்ட தழும்புகள் அல்ல. இரத்தம் உறையாத நோயாலும் கன்றல் தோன்றும். ஆகவேதான் ஆராய வேண்டியவர் மருத்துவர், ஊர்வாய் அன்று என்கிறேன். ஆனால், ஆராய்ந்தபின் அவர் மௌனம் சாதித்தால்?

மராட்டிய மாநிலம் சந்திரபூர் மாவட்டத்து ராஜூரா, நமக்குத் தொலைவான ஊர்தான். பாடமோ நமக்கும் உரியது. 2019இல் அங்கே ஒரு பள்ளி விடுதியில் பழங்குடிச் சிறுமியர் மானபங்கப்படுத்தப்பட்டது வெளிவந்தது. அவர்களுக்கு மருத்துவம் பார்த்துவந்தவர் அறிந்தும் அறிவிக்கவில்லை என வழக்குத் தொடரப்பட்டது. உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2022 நவம்பர் 2இல் உச்சநீதிமன்றம் அந்த ஆணையை நீக்கி, அறிந்திருந்தும் அறிவியாமை கடுங்குற்றம் என்று உரைத்தது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, இக்குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவரையும், நிகழக்கூடும் என்று அஞ்சுபவரையும் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கட்டளையிடுகிறது. தெரிவிக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ உண்டு. தன் பொறுப்பிலுள்ள குழந்தையை அடித்தும் புறக்கணித்தும் வதைப்பவருக்கு, 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது.

“அது சர்க்கார் சட்டம், மார்க்கம் ஸத்ர் என்னும் மறைத்தலையன்றோ போற்றுகிறது?” என்று என்னிடம் வாதிடுவோர் உளர். ஆம், போற்றுகிறது. எதை மறைக்கச் சொல்கிறது? ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் ஸஹீஹ் முஸ்லிம் விரிவுரையில் இதனைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியுள்ளார்கள். தீமை செய்வதில் பேர்போகாத ஒருவரின், நிகழ்ந்து முடிந்துபோன பிழையைத்தான் மறைக்கலாம். நடந்துகொண்டிருக்கும் தீமையைக் கண்டவர் தடுக்க வேண்டும்; இயலாவிடில் அதிகாரமுடையோரிடம் சேர்ப்பிக்க வேண்டும். அநாதைகளின் பொறுப்பை ஏற்ற காப்பாளரிடம் குறை கண்டால், தேவை வரும்போது அதை வெளிப்படுத்துவது கடமை என்றும் வகுத்துள்ளார்கள்.

அன்பர்களே, சிந்தியுங்கள். அநாதையின் பணத்தில் கை வைத்தவனை வெளிப்படுத்த வேண்டும். குழந்தையின் உடலில் கை வைத்தவனை மறைக்க வேண்டுமா? பணத்தினும் உயிர் மலிந்ததா? சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்துக்குரியது என்று அல்பகறா அத்தியாயம் எச்சரிப்பதை ஓதிக்கொண்டே நாம் மறைத்தோமே!

“பெண்பிள்ளையின் வாழ்வு கெட்டுவிடும்” என்பர். அவள் பெயரையும் ஊரையும் படத்தையும் வெளியிடுவதைச் சட்டம் தடுக்கிறது. வாக்குமூலத்தை அவள் வீட்டிலேயே பெறலாம். காவலர் சீருடையில் வரலாகாது. பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும். உம்மாவோ அவள் நம்பும் ஒருவரோ உடனிருக்கலாம். “தவறான சந்தேகமாயின்?” என்பர். நல்லெண்ணத்துடன் அறிவித்தவர்மீது வழக்கில்லை. அறிவிப்பது அவதூறும் அன்று, தீர்ப்பும் அன்று, விசாரணைக்கான வாசல். “ஜமாஅத்தில் பேசி முடித்துக்கொள்வோம்” என்பர். மன்னிப்பும் ரொக்கமும் பெற்றுக் கோப்பை மூட, அந்தக் குழந்தையின் உரிமை முத்தவல்லியின் சொத்தா?

எங்கள் கூட்டத்தையும் விடுவதற்கில்லை. கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் அடிப்பதைத் தடை செய்கிறது; மதரஸாக்களுக்கு அச்சட்டம் பொருந்தாது என 2012இல் திருத்தம் வந்தது. அதனை உஸ்தாதின் கம்புக்குக் கிடைத்த உரிமம் என்று எண்ணுவோர் உண்டு. வதைக்கும் கை உஸ்தாதுடையது என்பதால் இளஞ்சிறார் நீதிச் சட்டம் விலகி நிற்காது. அல்லாஹ்வின் விசாரணையும் விலகி நிற்காது.

மருத்துவர்களே, பெரியவரைச் சற்று வெளியே இருத்திக் குழந்தையிடம் மெல்லக் கேளுங்கள், கண்டதை எழுதுங்கள், அறிவியுங்கள். கத்தீபுகளே, 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணைப் பள்ளிவாசல் பலகையில் எழுதுங்கள். உம்மாமார்களே, பிள்ளை ஒன்று சொன்னால் அதன் வாயைப் பொத்தாதீர்கள்.

அந்தச் சிறுவன் இன்று எங்கோ வளர்ந்த ஆண்மகனாக இருப்பான். அவன் கையின் தழும்புகள் ஆறியிருக்கலாம். அன்று நான் காத்த மானம் எவருடையது என்று அவன் கேட்டால், என்னிடம் விடையில்லை.