இரட்டைக் கருவும் குறைமாதப் பிறப்பும்: திரும்பப் பெறப்பட்ட ஊசி உணர்த்துவது என்ன?

கர்ப்பத்தின் 37 வாரங்கள் நிறைவடைவதற்கு முன் நிகழும் பிறப்பே குறைமாதப் பிறப்பு எனப்படுகிறது. உலக அளவில் பத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்று இவ்வாறு பிறக்கிறது. இரட்டைக் கருவிலோ பாதிக்கும் மேற்பட்ட பிறப்புகள் 37 வாரங்களுக்கு முன்பே நிகழ்கின்றன. கருப்பை அளவுக்கு மீறி விரிவடைவது ஒரு காரணம். தாயின் உயர் இரத்த அழுத்தம், குழந்தையின் வளர்ச்சிக் குறைவு ஆகியவற்றால் மருத்துவர்களே முன்கூட்டிப் பிரசவம் செய்விக்க நேர்வது மற்றொரு காரணம்.

அண்மையில் மாறியது என்ன?

ஹைட்ராக்சி புரோஜெஸ்டரோன் கேப்ரோயேட் என்னும் தசை ஊசி, குறைப்பிரசவத்தைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் பல ஆண்டுகள் போடப்பட்டு வந்தது. முன்பு குறைப்பிரசவம் ஆகி, இப்போது ஒற்றைக் கரு சுமப்போருக்காக அமெரிக்கா 2011-இல் இதற்கு விரைவு அனுமதி அளித்தது. பின்னர் நடந்த பெரிய ஆய்வில் பயன் உறுதிப்படாததால், 2023 ஏப்ரலில் அந்த அனுமதி திரும்பப் பெறப்பட்டது. 2024-இல் ஐரோப்பிய மருந்து முகமையும் இம்மருந்தின் விற்பனை அனுமதிகளை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது. இரட்டைக் கருவில் இந்த ஊசி பயன் தரவில்லை என்பது 2007-இல் வெளியான ஆய்விலேயே தெரிந்திருந்தது.

இதிலிருந்து நீங்கள் அறிய வேண்டியது ஒன்று உண்டு. ஒற்றைக் கருவுக்குப் பரிந்துரைக்கப்படும் சிகிச்சை இரட்டைக் கருவுக்கும் பொருந்தும் எனக் கொள்ள இயலாது.

வழக்கமாகத் தேவைப்படாதவை

இரட்டைக் கரு என்ற ஒரே காரணத்துக்காக முழுநேரப் படுக்கை ஓய்வு, கருப்பை வாய்த் தையல், கருப்பை வாய் வளையம், வலி வராமல் தடுக்கும் மாத்திரைகள் ஆகியவற்றை எல்லாருக்கும் அளிக்க வேண்டாம் என்று இங்கிலாந்தின் தேசிய வழிகாட்டுதல் கூறுகிறது. நாள் முழுதும் படுத்தே இருப்பதால் கால்களில் இரத்தம் உறையும் ஆபத்து கூடும், தசைகள் தளரும், மனச்சோர்வும் ஏற்படக்கூடும். வீட்டில் உள்ள பெரியோர் அன்பினால் “எழுந்திருக்காதே” என்று கூறினாலும், மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கருப்பை வாய் குட்டையாக இருப்பது ஸ்கேனில் தெரிந்தால் நிலைமை வேறு. அத்தகைய சிலருக்குப் பிறப்புறுப்பு வழி வைக்கும் புரோஜெஸ்டரோன் பயன் தரலாம். இதை மகப்பேறு மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். ஏற்கெனவே மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது.

உண்மையில் உதவுபவை

• 11 முதல் 14 வாரங்களுக்குள் ஸ்கேன் செய்து, குழந்தைகளுக்கு நஞ்சு ஒன்றா இரண்டா என்று அறிந்துகொள்ளுங்கள். ஒரே நஞ்சைப் பகிரும் குழந்தைகளுக்கு 16 வாரம் முதல் இரு வாரங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் தேவைப்படும்.

• இரத்தசோகை, சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீர்த் தொற்று ஆகியவற்றைத் தவறாமல் பரிசோதியுங்கள். பிரதம மந்திரி சுரக்ஷித் மாத்ருத்வ அபியான் திட்டத்தில் ஒவ்வொரு மாதமும் 9-ஆம் நாள் அரசு மருத்துவ நிலையங்களில் இலவசப் பரிசோதனை நடைபெறுகிறது.

• புகையிலையையும் மதுவையும் அறவே தவிர்க்கவும்.

• செயற்கைக் கருத்தரிப்புக்குச் செல்வோர், ஒரே ஒரு கருவை மட்டும் கருப்பையில் வைக்க இயலுமா என்று கேளுங்கள். பல கருக்கள் உருவாவதைத் தவிர்க்கும் வலுவான வழி இதுவே.

முன்கூட்டியே பிறக்க நேர்ந்தால்

எல்லாக் குறைப்பிரசவங்களையும் தடுக்க இயலாது. பாதிப்பைக் குறைக்க இயலும். 24 முதல் 34 வாரங்களுக்குள் பிரசவமாகும் வாய்ப்பு மிகுந்திருந்தால், தகுந்த வசதியுள்ள மருத்துவமனையில் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுமாறு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், இந்த ஊசி பச்சிளங்குழந்தை இறப்பைக் குறைத்தது. 32 வாரங்களுக்கு முன் பிறக்கவிருக்கும் குழந்தையின் மூளையைக் காக்க மெக்னீசியம் சல்பேட் அளிக்கப்படும். பிறந்தபின் தாயின் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பு உயிர் காக்கும்.

இவற்றின் பயன் நீங்கள் உரிய நேரத்தில் மருத்துவமனையை அடைவதைப் பொறுத்தது. ஆகவே, பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையை முன்கூட்டியே தேர்ந்தெடுங்கள்.

உடனே செல்ல வேண்டிய அறிகுறிகள்

விட்டுவிட்டு வரும் வயிற்று இறுக்கம், இடுப்பு வலி, நீர்க்கசிவு, இரத்தப்போக்கு, கடும் தலைவலி, பார்வை மங்கல், குழந்தைகளின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.