பிரபாகரன் வரலாற்றில் நமது ஒக்டோபர்

விக்கிப்பீடியாவில் தலைவர்களின் வாழ்க்கை வரலாற்றை எழுதுவதும் திருத்துவதும் பொதுமக்களே. பிரபாகரனின் வரலாற்றுக்கும் இதே விதிதான். 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். வடமாகாணம் முழுவதும் சுமார் 75,000 பேர். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் அவரும் ரவூப் ஹக்கீமும் கைச்சாத்திட்ட உடன்பாடு, மீள்குடியேற்றத்தைப் பற்றிப் பேசியது. இவ்விரண்டும் இல்லாமல் அந்த வரலாறு முழுமையாகாது.

ஆத்திரத்தில் சான்றின்றி எழுதினால் அழித்துவிடுவார்கள். மனித உரிமைகளுக்கான யாழ் பல்கலைக்கழக ஆசிரியர்களின் அறிக்கைகள், பிரஜைகள் ஆணைக்குழுவின் 2011 அறிக்கை ஆகியவை நம்மிடம் உள்ளன. அவற்றை ஆதாரம் காட்டி, நிதானமாக இரண்டு வசனங்களை நமது இளைஞர்கள் எழுதட்டும். நீக்கப்பட்டால், உரையாடல் பக்கத்தில் காரணம் கேட்கட்டும். நாளை பாடசாலைப் பிள்ளை ஒப்படைக்காகத் திறக்கப்போவது அந்தப் பக்கத்தைத்தான்.