அறிவியல் அரங்கு: எண்ணத்தை எழுதும் யந்திரம்



சித்தூர் மாவட்டத்து வெதுருகுப்பம் என் பெரியப்பாவின் ஊர். வெதுரு என்பது தெலுங்கில் மூங்கிலைக் குறிக்கும். குப்பமோ நாமும் வழங்கும் சொல். ஊர்ப் பெயரைப் போன்றே அங்குள்ளோர் பலரது நாவும் இரு மொழிக்கு உரியது. பள்ளியாசிரியரான பெரியப்பா வகுப்பில் தெலுங்கிலும் வீட்டில் தமிழிலும் உரையாடி வந்தார். முதுமையில் அவரை இயக்க நரம்பணு நோய் பற்றியது. முதலில் கைகள், பின்னர் நா, இறுதியில் கண்ணிமை நீங்கலாக அனைத்தும் அவருடைய ஏவலுக்கு அடங்காதனவாயின. அறிவு மட்டும் சிறிதும் மழுங்கவில்லை.

அவர் மகளான அக்காள் ஓர் அட்டையில் எழுத்துக்களை எழிதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக உரக்கப் படிப்பார். வேண்டிய எழுத்து வந்ததும் பெரியப்பா இமையை மூடுவார். 247 எழுத்துக்களையும் வரிசையாகப் படித்தால் ஒரு சொல் முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிடும் அன்றோ? இரண்டாம் நாளே அக்காள் வழி கண்டார்: முதலில் மெய்யெழுத்தைக் கேட்பது, அது அகப்பட்டபின், அதனோடு கூடும் உயிர் எது என்று கேட்பது. முப்பதுக்குச் சற்று மேற்பட்ட அழைப்புக்களுக்குள் எவ்வெழுத்தும் கிட்டிவிடும்.

இமையசைவும் இன்றி, மூளையின் மின்னலைகளைக் கொண்டே இப்பணியைச் செய்ய இயலுமா என்பதே மூளை–கணிப்பொறி இணைப்பு ஆராய்ச்சி. ஜெர்மனியில் ஜீனா நகர மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனித மூளையின் மின்னலையை முதன்முதலாகப் பதிவு செய்து, 1929-இல் வெளியிட்டார். தலைத்தோலின்மீது கிடைக்கும் அந்த அலை மிக நுண்ணியது. டார்ச் விளக்கின் செல் தரும் மின்னழுத்தத்தில் ஏறக்குறைய முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. கண் சிமிட்டினாலும் பல்லைக் கடித்தாலும் அதனினும் பெரிய அலை எழுந்து அதனை மறைத்துவிடும். இரைச்சலை நீக்கி அலையைப் பிரித்தெடுப்பதிலேயே ஆராய்ச்சியாளரின் உழைப்பில் பெரும்பகுதி கழிகின்றது.

1988-இல் அமெரிக்காவில் ஃபார்வெல், டாஞ்சின் என்னும் இருவர் ஆறுக்கு ஆறாக 36 கட்டங்களில் ஆங்கில எழுத்துக்களையும் சில கட்டளைகளையும் அமைத்து, கட்ட வரிசைகளை மாறி மாறி ஒளிரச் செய்தனர். பார்ப்பவர் மனத்தில் கொண்ட எழுத்து ஒளிரும்போது, ஏறத்தாழ 300 மில்லி விநாடிக்குப் பின் மூளையில் தனியோர் அலை எழுகின்றது. அதனைக் கொண்டு எழுத்து இன்னதென்று அறியலாம். வேகமோ நிமிடத்துக்கு இரண்டு எழுத்துச் சொச்சந்தான். அக்காளின் அட்டை இதற்குச் சளைத்ததன்று!

தமிழின் 247 எழுத்துக்கள் 36 கட்டங்களில் எங்ஙனம் அடங்கும் என அஞ்ச வேண்டுவதில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, ஆக 31. எஞ்சிய ஐந்து கட்டங்களில் இடைவெளிக்கும் அழிப்புக்கும் இரண்டை ஒதுக்கினால், மற்ற மூன்றுக்காக ஜகர, ஸகர அபிமானிகள் தம்முள் வழக்காடிக் கொள்ளலாம்.

பின்னர் மண்டையோட்டின் உள்ளேயே நுண்ணிய மின்முனைகளைப் பொருத்தும் முறை வந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகத்தில் கிருஷ்ணா ஷெனாய், ஹெண்டர்சன் ஆகியோர் தலைமையிலான குழுவினர், செயலிழந்த ஒருவர் கையால் எழுதுவதாகக் கருதிய அளவிலேயே நிமிடத்துக்கு 90 எழுத்துக்கள் தோன்றக் கண்டு, 2021-இல் வெளியிட்டனர். பெரியப்பாவைப் பற்றிய அதே நோயுற்ற ஒரு பெண்மணி பேச முயன்றதை நிமிடத்துக்கு 62 சொற்களாக அவர்கள் மாற்றிய செய்தி 2023-இல் வந்தது. ஷெனாய் அவ்வாண்டு ஜனவரியிலேயே மறைந்துவிட்டார். பெரிய சொற்றொகுதியைக் கையாண்டபோது நான்கு சொற்களுக்கு ஏறத்தாழ ஒன்று பிழைபட்டது.

அறுவைச் சிகிச்சையின்றி, தலைத்தோலின்மீது பெறும் அலைகளிலிருந்தே மனத்துள் எண்ணிய சொல்லை அறியும் ஆராய்ச்சி நம் நாட்டிலும் உண்டு. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில், தமிழ் அச்செழுத்தைப் படிக்கவும் தமிழை ஒலிக்கவும் வல்ல மென்பொருள்களை உருவாக்கிய பேராசிரியர் ஆ. க. ராமகிருஷ்ணன், இத்துறையிலும் உழைத்துத் தம் மாணாக்கருடன் 2021-இல் விரிவானதோர் ஆய்வுரை வெளியிட்டார். இம்முறையில், குறித்த சில சொற்களுள் எண்ணியது எது எனப் பிரித்தறிவதே இன்று கூடுவது. நினைத்ததையெல்லாம் படித்துவிடும் எனப் பரப்பப்படும் பேச்சை அன்பர்கள் நம்ப வேண்டா. பக்கவாதத்தால் மொழியறிவே சிதைந்தோர்க்கு எழுத்துக் கட்டத்தால் பெரும்பயன் விளையாது என்பதையும் அறிந்திருத்தல் நன்று.

மற்றொன்று நம்மைப் போன்று பிறமொழியாரிடை வாழ்வோர்க்கு உரியது. ஸ்டான்ஃபோர்டு யந்திரத்தின் வேகத்துக்கு, ஆங்கிலத்தில் எச்சொல்லை அடுத்து எச்சொல் வரும் என ஊகிக்கும் பயிற்சியும் துணை நிற்கின்றது. ஒருநாள் பெரியப்பாவைக் காண அவருடைய பழைய மாணாக்கர் ஒருவர் வந்திருந்தார். அக்காள் அட்டையை எடுத்தார். பா, கு என இரண்டு எழுத்துக்கள் கிடைத்தன. வெல்லப்பாகு வேண்டுகிறார் போலும் என்று எண்ணி அக்காள் அடுக்களைக்கு எழுந்தே விட்டார். பெரியப்பா விடாது இமைக்கவே, திரும்பி வந்து மேலும் கேட்டார். ன், னா, வா. "பாகுன்னாவா", நலமாக இருக்கிறாயா என்று தெலுங்கில் அவர் தம் மாணாக்கரை வினவியிருந்தார்! தமிழ் மட்டுமே பயின்ற யந்திரமாயின் அதுவும் அடுக்களைக்கே சென்றிருக்கும். தமிழோடு ஆங்கிலமோ மலாயோ கலந்து பேசும் நம் இல்லத்து முதியோரை எண்ணிப் பாருங்கள்.

அக்காளின் அட்டையை நான் படியெடுத்து வைத்துள்ளேன். இல்லத்தில் தேவையுள்ளோர் சங்கச் செயலாளரிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். தெலுங்கு அட்டை தனியே உண்டு.