பிள்ளைகளோடு வந்து நிற்க ஆள் வேண்டும்



கடந்த பாடசாலை விடுமுறையில் எங்கள் சங்கத்தைச் சேர்ந்த நால்வர் யாழ்ப்பாணத் தீவகத்துக்குப் போய் வந்தோம். எங்கள் தோட்டப் பாடசாலையில் பல ஆண்டுகள் படிப்பித்து ஓய்வு பெற்ற மாஸ்டர் ஒருவரைப் பார்ப்பதுதான் நோக்கம். பண்ணைப் பாலத்தைக் கடந்து, அல்லைப்பிட்டி, வேலணை என்று ஊர்காவற்றுறைப் பக்கம் போனால் வருகிறது அவருடைய ஊர் புளியங்கூடல். அங்கே 'தோட்டம்' என்றால் வீட்டுப் பக்கத்துப் புகையிலைப் பாத்தி. துரையும் இல்லை, பிரட்டும் இல்லை. எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

வேடிக்கை அதோடு முடிந்தது. பனைகளுக்கு நடுவே பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பார்த்தோம். 1990இல் போர் தீவகத்து மக்களைப் பெயர்த்து எறிந்தது. திரும்பி வந்தவர்கள் சிலர். கொழும்பிலும் கனடாவிலும் லண்டனிலும் நின்றுவிட்டவர்கள் பலர். போனவர்கள் ஊரை மறக்கவில்லை. கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பணம் அனுப்புகிறார்கள். அதைச் சொல்லிவிட்டு மாஸ்டர் ஒரு வார்த்தை சொன்னார்: "கட்டடம் கட்டித் தர வெளிநாட்டில ஆக்கள் இருக்கினம். பின்னேரத்தில பிள்ளையளோட வந்து நிக்கத்தான் ஆள் இல்லை."

அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டுதான் மலைக்குத் திரும்பினோம். எங்கள் பக்கத்துக் கதையும் அதுதானே! சில வருடங்களுக்கு முன் எங்கள் பகுதிப் பாடசாலை ஒன்றில் மாணவர் சேவைக் கழகம் திறந்தார்கள். மாலை, குத்துவிளக்கு, படப்பிடிப்பு, பிள்ளைகளுக்குச் சின்னம் எல்லாம் நடந்தது. அடுத்த மாதம் ஒருவர் வந்தார். மூன்றாம் மாதம் யாரும் வரவில்லை. சின்னங்கள் இன்றும் அலுமாரியில் கிடக்கின்றன. அப்போது தலைவியாகத் தெரிவான பிள்ளை பிறகு ஒரு கூட்டத்தையும் நடத்திப் பார்க்கவில்லை.

இந்தக் கழகங்கள் எப்படி இயங்க வேண்டும் என்பதை நம்மில் பலர் அறியோம். லயன்ஸ் கழகத்தின் லியோ கழகம் 1957இல் அமெரிக்காவில் ஒரு பாடசாலையில் தொடங்கியது. தொடங்கியவர் அந்தப் பாடசாலையின் விளையாட்டுப் பயிற்றுநர். அவர் லயன்ஸ் உறுப்பினர். ரோட்டரியின் இன்டரெக்ட் கழகம் 1962இல் வந்தது. 12 முதல் 18 வயது வரையான பிள்ளைகள் அதில் சேரலாம். தலைவர், செயலாளர், பொருளாளரை அவர்களே தெரிவு செய்ய வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 2 பணிகள் செய்ய வேண்டும்: ஒன்று பாடசாலைக்கோ ஊருக்கோ, மற்றது வேறு மக்களைப் புரிந்துகொள்வதற்கு. எந்தக் கழகமும் தானாக நிற்காது. வெளியிலிருந்து ஒரு பெரியவர் கழகம் அதைப் பொறுப்பேற்க வேண்டும்; பாடசாலைக்குள் ஒரு ஆசிரியர் துணை நிற்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான். அப்படிப் பொறுப்பேற்கும் வியாபாரிகளும் வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் நகரத்தில் இருக்கிறார்கள். ஆகவே கழகங்களும் நகரத்துப் பெரிய பாடசாலைகளைச் சுற்றியே வளர்கின்றன. சாரணர் இயக்கம் இந்த நாட்டுக்கு 1912இல் மாத்தளையில்தான் வந்தது. மலையில் இறங்கியும் லயத்துப் பிள்ளையிடம் அது சேரப் பல காலம் பிடித்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் வெளியேதான் நின்றன. அரசு அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது 1970களில். எந்த வண்டியும் நமக்குக் கடைசியாகத்தான் வந்திருக்கிறது.

'பிள்ளை முதலில் ஓ.எல். பாஸ் பண்ணட்டும், கழகம் எதற்கு?' என்று கேட்கும் பெற்றோரை மதிக்கிறோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். பாஸ் பண்ணிய பிள்ளையும் பாஸ் பண்ணாத பிள்ளையும் கொழும்புக் கடைக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் போகிறார்கள். அங்கே போய், 'எனக்கு நியமனக் கடிதம் தாருங்கள், ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறீர்களா?' என்று முதலாளி முகம் பார்த்துக் கேட்க எத்தனை பேருக்கு வாய் வருகிறது? அந்த வாய் பாடப் புத்தகத்தில் வருவதில்லை. கூட்டம் நடத்தி, கணக்கு வாசித்து, எதிர்த்துப் பேசுகிறவனுக்குப் பதில் சொல்லித்தான் வருகிறது. நம் தோட்டத் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும் அதை 30 வயதுக்குப் பிறகு சங்கத்தில் கற்றார்கள். பிள்ளைகள் 13 வயதில் கற்கட்டும்.

யாழ்ப்பாணத்திலேயே இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. 1924இல் ஹன்டி பேரின்பநாயகம் முதலானோர் மாணவர் காங்கிரஸ் என்று தொடங்கியதுதான் பின்னர் வாலிபர் காங்கிரஸ் ஆனது. 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்கள் அவர்கள். சாதி பார்க்காமல் பாடசாலையில் பிள்ளைகள் சமமாக அமர வேண்டும் என்று நின்றவர்களும் அவர்கள். அந்த இளைஞர்களுக்குப் பின்னால் விடாமல் நின்ற ஆசிரியர்கள் இருந்தார்கள்.

சேவை என்றால் என்ன என்பதிலும் நமக்கு ஒரு கண்டிப்பு வேண்டும். தோட்டத்துப் பிள்ளை எப்போதும் கை நீட்டி வாங்குகிற பிள்ளையாகவே படத்தில் வருகிறது. வெள்ளைச் சட்டைக்காரர் கொப்பி கொடுக்கிறார், பிள்ளை வாங்குகிறது. நாம் கேட்பது அந்தக் கழகம் அல்ல. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை மறந்தோமா? 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அளவு வைத்திருக்கிறது. ஒரு மழைமானியும் ஒரு கொப்பியும் போதும். தினமும் அளந்து எழுதி, தொங்கல் லயம்வரை போய்ச் சொல்லும் பிள்ளைகள் ஊரைக் காக்கும் பிள்ளைகள். எழுத வாசிக்கத் தெரியாத பாட்டிக்கு அடையாள அட்டைப் படிவம் நிரப்பிக் கொடுப்பதும் அப்படித்தான்.

ஆகவே எங்கள் கருத்து இது. நகரத்துக் கழகங்கள் மனம் வைத்து வரட்டும், வந்தால் வரவேற்போம். காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் தன் பாடசாலையில் ஒரு மாணவர் சேவைக் கழகத்தைப் பொறுப்பேற்கட்டும். உயர்தரம் படித்துவிட்டுத் தோட்டத்திலோ பக்கத்து நகரத்திலோ வேலை செய்யும் இளைஞர்கள் இன்று நம்மிடம் இருக்கிறார்கள். ஒரு கமிட்டிக்கு இருவர், அதில் ஒருவர் கட்டாயம் பெண், மாதம் இரு முறை, ஒரு முழு வருடம். வருடம் முழுக்க வர முடியாதவர் பெயர் கொடுக்க வேண்டாம்.

சங்கம் உள்ளே வந்தால் அரசியல் வரும் என்று அதிபர்கள் அஞ்சலாம். அந்த அச்சம் நியாயமானது. அதனால் சங்கக் கொடி, நிறம், தலைவர் படம் எதுவும் பாடசாலை வாசலைத் தாண்டக் கூடாது. அதிபரின் எழுத்து அனுமதி இல்லாமல் எவரும் போகக் கூடாது. பொறுப்பாசிரியர் இல்லாத நேரத்தில் கூட்டம் நடக்கக் கூடாது. காசுக் கொப்பி பிள்ளைப் பொருளாளர் கையில் இருக்கட்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். பாடசாலை விட்ட பின் நடக்கும் கூட்டத்துக்கு, வேலை நாளில் மலையை விட்டு இறங்கும் தோழிக்கு அரைப் பேர் போய்விடும். தொண்டு என்று சொல்லி அவள் சம்பளத்தை வெட்டினால் அவளும் மூன்றாம் மாதம் வரமாட்டாள். வராததற்கு அவளைக் குறை சொல்லவும் முடியாது. அந்த அரைப் பேரைச் சந்தாப் பணத்திலிருந்து சங்கம் கொடுக்க வேண்டும். மேடை, மாலைச் செலவில் கொஞ்சம் குறைத்தால் அது முடியும்.

புளியங்கூடலை விட்டுப் புறப்படும்போது மாஸ்டரிடம் ஒரு வாக்குக் கொடுத்தோம். எங்கள் முதலாவது கழகம் அமைந்ததும் அதன் பிள்ளைகள் அவர் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதுவார்கள். கிணற்றில் உப்பேறிய ஊரின் பிள்ளைக்கும் மழையில் மலை சரியும் ஊரின் பிள்ளைக்கும் ஒருவருக்கொருவர் சொல்ல நிறைய இருக்கிறது. அங்கே அதைச் சேர்த்து நடத்த, தானே வாரம் ஒரு பின்னேரம் பள்ளிக்கூடத்துக்குப் போவதாக மாஸ்டர் சொன்னார். அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதை முதல் விடயமாக எடுங்கள். இரண்டு பெயர்களை எழுதி அனுப்புங்கள்.