விஷத்துக்கு மருந்து என்று பெயர்!

நெல்லில் குலை நோய் விழுந்தால் விவசாயி வீட்டில் உறக்கம் கிடையாது. இலையில் கண் வடிவப் புள்ளிகள் தோன்றும். கதிரின் கழுத்து கறுத்து ஒடியும். மணி பிடிக்க வேண்டிய கதிர் பதராகும். பனியும் குளிர்ந்த இரவும் இந்தப் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். தஞ்சை டெல்டாவில் 1910-களிலேயே இந்நோய் பதிவாகியிருக்கிறது. நோய் பழையது. அதை வைத்துக் கொழுக்கும் வியாபாரம்தான் புதியது.

புள்ளியைக் கண்டதும் விவசாயி எங்கே ஓடுகிறார்? உரக்கடைக்கு. அங்கே கடனுக்குக் கிடைப்பது எது? கம்பெனி டப்பா. அதைக் கரைத்து முதுகில் சுமந்து தெளிப்பவர் யார்? கூலிக்கு வந்த விவசாயத் தொழிலாளி! கையுறை இல்லை, முகமூடி இல்லை, தோளில் கிடக்கும் துண்டுதான் கவசம். இதற்கு ஊரில் பெயர் "மருந்தடிப்பது". விஷத்தை மருந்தென்று சொல்லப் பழக்கிவிட்டார்கள்.

நெல்லுக்கும் காய்கறிக்கும் அடிக்கப்படும் பூஞ்சணக் கொல்லி மான்கோசெப். இது இனவிருத்திக்குக் கேடு, உடலின் ஹார்மோன்களைக் குலைப்பது என்ற காரணங்களால் ஐரோப்பிய யூனியன் 2020-ல் இதன் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. அதே ஆண்டு மே மாதம் நம் மத்திய சர்க்கார் தடை செய்ய உத்தேசித்த 27 கொல்லிகளின் பட்டியலிலும் இது இருந்தது. ஆனால் 2023-ல் வெளியான ஆணையில் ஒருசில பயிர்களுக்கு மட்டுமே இதற்குத் தடை! ஐரோப்பியத் தொழிலாளியின் உடம்பு வேறு, நம் தொழிலாளியின் உடம்பு வேறா என்று கேட்கிறோம்.

வேறு வழி இல்லையா? உண்டு. பொதுமக்கள் பணத்தில் நடக்கும் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானிகள், சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவை டால்க் தூளில் கலந்து 1990-களிலேயே கொடுத்திருக்கிறார்கள். ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் போதும். நடவுக்கு முன் நாற்றின் வேரை இதன் கரைசலில் நனைக்கலாம். தொழு உரத்தோடு கலந்து வயலில் இடலாம். பயிர் மீதும் தெளிக்கலாம். நிலக்கடலை, பயறு வகைகளின் வேரழுகலுக்கு டிரைக்கோடெர்மா இருக்கிறது. கிலோ விதைக்கு 4 கிராம். நோய் தாங்கும் ரகத்தை விதைப்பதும், யூரியாவை அள்ளிக் கொட்டாமல் அளவோடு பிரித்து இடுவதும் குலை நோயின் வேகத்தைத் தணிக்கும்.

நோய் முற்றிய பிறகு இவை மாயம் செய்யா. விதைப்பதற்கு முன்பே கைக்கு வர வேண்டும். தூளில் இருப்பது உயிருள்ள கிருமி. மாதக் கணக்கில் கிடங்கில் தூங்கினால் வீரியம் போய்விடும். ஆகவே பிரச்னை விஞ்ஞானத்தில் இல்லை, விநியோகத்தில் இருக்கிறது. கடன்பட்டு நட்டவரிடம் ரசாயனத்தை நாளைக்கே விட்டுவிடு என்று உபதேசிப்பது சுலபம். மாற்றை அவர் வாசலுக்குக் கொண்டு வருவதே சர்க்காரின் கடமை.

எனவே நாம் கோருவது இதுதான். ஒவ்வொரு ஊரிலும் கூட்டுறவுச் சங்கத்தின் வழியே, விதைப்புக்கு முன், தேதி குறித்த புதிய சூடோமோனாஸும் டிரைக்கோடெர்மாவும் மலிவு விலையில் கிடைக்க வேண்டும். குத்தகை விவசாயிக்கும் பட்டா கேட்காமல் கொடுக்க வேண்டும். ரசாயனம் தெளிக்கும் வரையில், தெளிப்பவருக்குக் காப்பு உடை வேண்டும். இது பிச்சையல்ல, 1971-ம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஏட்டில் உள்ள விதி வரப்புக்கு வரட்டும்!

மில் தொழிலாளத் தோழர்களே! பஞ்சுத் தூசு நெஞ்சை அடைக்கும் கஷ்டம் உங்களுக்குத் தெரியும். வயலில் விஷப் புகையைச் சுவாசிப்பவர் உங்கள் அண்ணன், தம்பி. அவர் விளைவிக்கும் அரிசிதான் உங்கள் வீட்டுச் சோறு. விவசாயத் தொழிலாளர் சங்கம் இந்தக் கோரிக்கையை எழுப்பும்போது மில் வாசலிலும் அதன் குரல் கேட்க வேண்டும்.

பயிரும் பிழைக்கட்டும், பயிர் செய்பவரும் பிழைக்கட்டும்!